முதல் குவியலுக்கு லாபம் என்று பேர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுகளா. கடைசியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறவர்களும் நகர்ந்து வாங்க. மடியில் கடலை வைத்திருப்பவர்கள் உரித்துத் தின்றுகொண்டே கேட்கலாம், தொலியை மட்டும் இறைக்காதீர்கள். ஒரு சின்னப் பெண் ஓர் இடத்தில் ‘ஒண்ணு’ என்று சொல்லிவிட்டாள். இன்னோர் இடத்தில் ‘அஞ்சு’ என்று சொல்லாமல் விட்டாள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடம் இருக்குமா, போய்விடுமா என்று ஆடிக்கொண்டிருந்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

கொல்லிமலையில் திருப்புலி நாடு, அங்கே நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது; அதில் பதினேழு வீடுள்ள ஓர் ஊர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி அடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். காலையில் கிளம்பினால் பொழுது சாயும்போது ஊர் தெரியும். அம்சவேணி அப்படித்தான் ஆனி மாசத்தில் ஒரு தகரப் பெட்டியோடு ஏறி வந்தாள். வயது இருபது. அப்பா சேந்தமங்கலத்தில் கொத்தனார். டீச்சர் டிரெயினிங் முடித்த கையோடு வேலை கிடைத்தது. கிடைத்த இடம் இதுதான்.

பள்ளிக்கூடம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மூன்று பக்கம் மண்சுவர், மேலே புல் வேய்ந்த கூரை. ஊர்க்காரர்களே கட்டியது. நடுத்தூணுக்கு மரம் வெட்டித் தோளில் சுமந்து வந்து நட்டவர் ராசப்பன். சாமையும் மரவள்ளியும் போடுகிற ஆள், அதிகம் பேசாதவர். அவர் மகள் பெருமாயிக்கு ஏழு வயது. மொத்தம் இருபத்துமூன்று பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே பாயில். டீச்சருக்குத் தங்க இடம் கொடுத்தவள் ராசப்பனின் அக்கா அத்தாயி. புருஷன் இல்லை, சொந்தக் காடு உண்டு. நாக்கு கொஞ்சம் காரம். கை தாராளம்.

ஆவணியில் இன்ஸ்பெக்டர் வந்தார். செல்லமுத்து என்று பேர். மழையில் நனைந்து, காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நாற்காலி இல்லாததால் அம்சவேணியின் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தார். பிள்ளைகள் ஐந்தாம் வாய்பாட்டை ஒப்பித்தார்கள். ஓரஞ்சு அஞ்சு, ஈரஞ்சு பத்து என்று இருபத்துமூன்று குரலும் ஒரே ராகத்தில் ஏறி இறங்கியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, வாசலில் மூன்று பேர் வந்து நிற்கிறார்கள், மூன்று பேரின் வலது கையிலும் சேர்த்து எத்தனை விரல் என்று கேட்டார்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னக்கண்ணு என்கிற பையன் எழுந்து, வந்திருப்பது யார் யார் என்று கேட்டான்.

யாராக இருந்தால் என்ன என்றார் இன்ஸ்பெக்டர்.

“எங்கப்பனுக்கு நாலு வெரலுதானுங்க. கொடுவாள்ல போயிருச்சு.”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இது கணக்கு இல்லை, பாட்டு என்று அம்சவேணியிடம் தணிந்த குரலிலேயே சொன்னார். தை மாசம் மறுபடி வருவார். அன்றைக்கு இருபது பிள்ளைகளாவது எதிரில் இருக்க வேண்டும். ஐந்து ஐந்தாகவோ பத்துப் பத்தாகவோ எண்ணச் சொன்னால் எதை எண்ணுகிறோம் என்று தெரிந்து எண்ண வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு டீச்சரைப் பெரக்கரை நாட்டுக்கு மாற்றி எழுதுவதைத் தவிர வழியில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

பெரக்கரை நாட்டுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு ஓடையும் ஒரு காடும் தாண்ட வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையை யாரும் அனுப்ப மாட்டார்கள். மூடினால் மூடினதுதான். அம்சவேணிக்கு வேறு இடத்தில் வேலை இருக்கும். பிள்ளைகளுக்கு இன்னொரு பள்ளிக்கூடம் இருக்காது.

மறுநாள் வாய்பாட்டுப் புத்தகத்தைப் பெட்டிக்குள் போட்டாள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஓடைக்கு அழைத்துப் போனாள். ஊருக்குக் கீழே ஓடையைத் தாண்ட இருபத்துநான்கு கல் போட்டிருந்தார்கள். முதலில் ஒவ்வொரு கல்லாக எண்ணிக்கொண்டே தாண்டினார்கள். பிறகு ஒரு கல்லை விட்டு ஒரு கல். கால் படுகிற கல்லின் எண்ணை மட்டும் சத்தமாகச் சொல்ல வேண்டும்: ரெண்டு, நாலு, ஆறு. அக்கரை சேர்ந்தபோது இருபத்துநாலு. கொஞ்சம் உயரமானவர்கள் இரண்டு கல்லை விட்டுத் தாவினார்கள்: மூணு, ஆறு, ஒம்பது. அப்போதும் அக்கரையில் அதே இருபத்துநாலு. பெருமாயிக்கு இது பொறுக்கவில்லை. மூன்று கல்லை விட்டுத் தாவிப் பார்த்தாள். நாலு, எட்டு வரைக்கும் போனாள். பன்னிரண்டுக்குப் பதில் தண்ணீருக்குள் போனாள். ஈரப் பாவாடையோடு எழுந்து நின்று, மிச்சத்தைக் கையை நீட்டிக் காட்டியே எண்ணி முடித்தாள். அக்கரையில் இருபத்துநாலுதான்.

அடுத்த வாரம் மூன்று மூன்றாக எண்ண ஊருக்குள் போனார்கள். வீட்டுக்கு வீடு அடுப்புக்கல் மூன்று. மூணு, ஆறு, ஒம்பது என்று வாசலில் நின்று கத்திக்கொண்டே இருபத்துமூன்று பிள்ளைகள் நுழைவதைப் பார்த்துப் பெண்கள் அகப்பையோடு வெளியே வந்துவிட்டார்கள். ஒரு வீட்டில் கல் ஒன்று வெடித்து, அந்த இடத்தில் ஓட்டைப் பானையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அது கல்லாகுமா என்று சண்டை வந்தது. சோறு வேகிறதா, அப்படியானால் கல்தான் என்று பெருமாயி தீர்ப்புச் சொன்னாள். அத்தாயி வீட்டில் இரண்டு அடுப்பு. அங்கே ஒரே வாசலில் இரண்டு தாவல் தாவினார்கள்.

ஐந்துக்குக் கை இருக்கிறதே. செம்மண்ணைக் குழைத்து ஆளுக்கு ஒரு கை பள்ளிக்கூடச் சுவரில் பதித்தார்கள். ஒவ்வொரு கைக்கும் கீழே கரியால் ஐந்து, பத்து, பதினைந்து என்று அம்சவேணி எழுதிக்கொண்டே போனாள். இருபத்துமூன்றாவது கையில் நூற்றுப் பதினைந்து. சின்னக்கண்ணு விடவில்லை. மறுநாள் அப்பனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அவர் கையையும் பதிக்க வைத்தான். நாலு விரல். நூற்றுப் பத்தொன்பது என்று எழுத வேண்டி வந்தது. ஐந்தின் வரிசை கெட்டுப்போனதில் அம்சவேணிக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் கணக்கு சரிதானே.

பிறகு பலாக்கொட்டை. கோடையில் தின்ற பழத்தின் கொட்டையை மண்ணில் புரட்டி எடுத்து வைத்திருப்பார்கள். வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லி ஒரு கூடையில் சேர்த்து, ஐந்து ஐந்தாகக் குவித்து எண்ணினார்கள். குவியலைத் தொட்டுத் தொட்டு எண்ணினால் பாட்டு மறந்துபோகிறது, எண் நிற்கிறது. பெருமாயிக்குப் பித்தே பிடித்துவிட்டது. ஆட்டின் காலை நாலு நாலாக எண்ணினாள். மிளகுக் கொடியில் சரத்தை ஐந்து ஐந்தாக எண்ணினாள். அவள் அம்மா களி உருட்டி வைத்தால் உருண்டையை எண்ணாமல் கை வைப்பதில்லை.

தவறு எங்கே வந்தது என்றால், கார்த்திகையில், ராசப்பனின் களத்தில்.

சாமை அறுத்து, அடித்து, தூற்றிக் குவித்திருந்தார்கள். குவியலின் தலையில் சாணிப் பிள்ளையார் பிடித்து அருகம்புல் செருகியிருந்தது. ராசப்பன் கிழக்கே பார்த்து உட்கார்ந்து வள்ளத்தை எடுத்தார். வள்ளம் என்பது தானியம் அளக்கிற பாத்திரம், உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். களத்தில் அளக்கும்போது யாரும் பேசுவதில்லை. அளக்கிறவர் மட்டும் வாய் திறப்பார். முதல் வள்ளம் சாக்கில் விழும்போது ‘லாபம்’ என்பார். அடுத்ததற்கு ‘ரெண்டு’. ஒன்று என்கிற சொல்லை அங்கே எடுப்பதே கிடையாது. ஐந்து வள்ளத்துக்கு ஒரு கூழாங்கல் எடுத்து ஓரமாக வைப்பார்கள். அந்தக் கல்லை எடுத்துக் கொடுக்கிற வேலை பெருமாயிக்கு.

முதல் வள்ளம் நிரம்பித் தலைதட்டிச் சாக்கின் வாய்க்குப் போனது. ராசப்பன் மூச்சை இழுத்து வாயைத் திறப்பதற்குள், “ஒண்ணு” என்றாள் பெருமாயி. பள்ளிக்கூடத்தில் சொல்கிற அதே தெளிவான, பெருமையான குரல்.

ராசப்பன் அவளைத் திட்டவில்லை. வள்ளத்தைத் திரும்பக் குவியலிலேயே கொட்டினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு தரம் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அந்த வருஷம் முப்பத்திரண்டு வள்ளம். முந்தின வருஷம் நாற்பதுக்கு மேல். நடுவில் காட்டுப்பன்றி புகுந்து ஒரு பக்கத்தையே உழுதுவிட்டுப் போனது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் சாக்கைக் கட்டும்போது எல்லாருடைய கண்ணும் ஒரு தரம் பெருமாயியின் மேல் பட்டுப் போனது.

மறுநாள் பெருமாயி ஆட்டை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனாள். அதற்கடுத்த நாள் இன்னும் நாலு பேர் வரவில்லை. அவரவர் களமும் அளக்க இருக்கிறதே, யார் வீட்டில் யார் ‘ஒண்ணு’ என்று கத்துவார்களோ என்ற பயம். ஒரு வாரத்தில் பாயில் ஏழு பேர்தான் மிச்சம். தை மாசத்துக்கு இருபது பேர் வேண்டும்.

அம்சவேணி ராசப்பன் வீட்டுக்குப் போனாள். பன்றி தின்றதற்குப் பிள்ளை என்ன செய்வாள் என்று எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டாள். ராசப்பன் மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார்.

“பன்னி தின்னது எனக்குந் தெரியுமுங்க டீச்சர். பன்னியை வெரட்டலாம். வாயில வந்த சொல்லை என்ன பண்றது? மொதச் சொல்லு நல்ல சொல்லா இருக்கோணுமுங்க. ஒண்ணுன்னா ஒண்ணோட நின்னு போகும். பள்ளிக்கூடம் அதைக் கெடுக்கும்னா என்ற புள்ளைக்கு ஆடே போதுமுங்க.”

இதெல்லாம் மூடப்பழக்கம் என்றாள் அம்சவேணி. ராசப்பன் காம்பை எடுத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டார். வீட்டுக்குள்ளிருந்து பெருமாயி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

இது நடந்ததை அத்தாயி கேள்விப்படாமல் இருப்பாளா. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“ஏங் கண்ணு, உங்கூருக் களத்துல மொத வள்ளத்துக்கு என்னன்னு சொல்லுவாங்க?”

அம்சவேணிக்குத் தெரியவில்லை. அவர்கள் வீட்டில் அரிசி கடையிலிருந்து வருகிறது. களத்தில் அவள் கால் வைத்ததே இல்லை.

“அது செரி. பாக்காததைப் பத்தி அவங்கிட்டப் போயிப் பேசுனயாக்கும். நாளன்னிக்கு என்ற களம் அளக்கறோம். வந்து உக்காரு. வாயை மட்டும் ஊட்டுலயே வெச்சுட்டு வா.”

அப்படியே போய் உட்கார்ந்தாள். அக்காவின் களத்தை அளந்தவரும் ராசப்பன்தான். டீச்சர் இருப்பதைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி உட்கார்ந்தார். லாபம் என்று முதல் வள்ளம் விழுந்தது. ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஒரு கூழாங்கல். மறுபடி ஆறிலிருந்து பத்து, இன்னொரு கல். சாமை விழுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை. களத்து ஓரத்தில் ஆடுகளை விட்டுவிட்டுப் பெருமாயி நின்றுகொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது, குரல் வரவில்லை.

எல்லாம் அளந்து முடிந்த பிறகு ராசப்பன் கல் வரிசைக்கு முன்னால் குனிந்தார். ஒவ்வொரு கல்லாக விரலை வைத்துக்கொண்டே போனார்.

“லாபம், பத்து, பதினஞ்சு, இருவது…”

அம்சவேணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாலு மாசமாக ஓடையிலும் அடுப்படியிலும் சுவரிலும் அவள் சொல்லிக் கொடுத்தது இதுதான். பள்ளிக்கூடத்துப் பாயில் ஒரு நாளும் உட்காராத மனுஷன் தடங்கலில்லாமல் தாவித் தாவிப் போகிறார். முதல் கல்லுக்கு அஞ்சு என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது கல் பத்தில்தான் வந்து நிற்கிறது. இடம் தவறவில்லை, அந்த இடத்துக்குப் பேர்தான் வேறு. ஒன்பது கல். நாற்பத்தைந்து என்று முடித்து, அத்தாயியைப் பார்த்துத் தலையசைத்தார்.

மறுநாள் காலையில் அம்சவேணி திரும்பவும் ராசப்பன் வீட்டுக்குப் போனாள். தான் களம் பார்த்ததில்லை, பேசியது தப்பு என்று சொன்னாள். பிறகு ஒன்று கேட்டாள். பள்ளிக்கூடத்திலும் இரண்டு விதமாக எண்ணினால் என்ன? நட்டால் முளைக்கிறதும் தின்றால் பசி ஆறுகிறதும் எதுவானாலும் முதல் எண்ணுக்கு லாபம். ஓடைக்கல், அடுப்புக்கல், கைவிரல், பலகையில் எழுதுகிறது, இதற்கெல்லாம் ஒன்றோ ஐந்தோ என்னவோ அது. எங்கே எதைச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும், களத்திலும் வாய் தவறாது.

ராசப்பன் அதை ஒரு தரம் சொல்லிப் பார்த்தார்.

“கொட்டைக்கு லாபம், பலகைக்கு ஒண்ணு. நல்லாத்தான் இருக்குதுங்க. பெரிய ஆபீசர் வந்து நிக்கறப்பவும் அப்படித்தானுங்களா?”

அம்சவேணிக்கு இந்தக் கேள்வி வரும் என்று தோன்றியிருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் முன்னால் ஐந்து என்கிற இடத்தில் ஒரு பிள்ளை லாபம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வாசலில் கிடந்த மரச் சீவலைக் காலால் ஒதுக்கிக்கொண்டு நின்றாள்.

“அப்பவும் அப்படித்தானுங்க” என்றாள்.

பெருமாயி அன்றைக்கே வந்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ஒரு வீட்டார் மட்டும் கூலி வேலைக்குக் கீழே இறங்கிவிட்டதால் ஒரு பிள்ளை குறைந்தது. இருபத்திரண்டு.

தை வந்தது. இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்குக் காலையில் அம்சவேணி ஒரு காரியம் செய்தாள். பலாக்கொட்டைக் கூடையை எடுத்து நடுத்தூணுக்குப் பின்னால் வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடினாள். கொடுத்த வாக்கு வாக்குத்தான். ஆனால் கொட்டையே கண்ணில் படாவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லையே. பலகையும் சுவரிலுள்ள கைகளும் போதும் என்று நினைத்தாள். எனக்கு அவள்மேல் குறையில்லை கண்ணுகளா. நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்தாலும் சாக்கைத்தான் தேடியிருப்போம்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது. திறந்திருந்த பக்கத்தில் ஆண்களும் பெண்களும் நின்றார்கள். ராசப்பன் மூங்கில் படலில் சாய்ந்து நின்றார். பிள்ளைகளை எண்ணிப் பார்த்து இருபத்திரண்டு என்று இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார். பலகையில் எழுதிக் காட்டினார்கள், சரியாக இருந்தது. சுவரில் கைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசிக் கையின்கீழ் நூற்றுப் பத்தொன்பது என்பதைக் கண்டு நின்றார். அது தன் அப்பன் கை என்று சின்னக்கண்ணு சொன்னதும் அவருக்கு ஆவணி மாசம் ஞாபகம் வந்தது. தலையை ஆட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். நகர்ந்த கால் சாக்கில் தட்டியது. கூடை சாய்ந்து பலாக்கொட்டை பாயெல்லாம் உருண்டது.

நல்லதாகப் போயிற்று என்றார். அந்தப் பெண் இதை ஐந்து ஐந்தாக எண்ணட்டும் என்று பெருமாயியைக் கைகாட்டினார்.

பெருமாயி மண்டியிட்டு உட்கார்ந்தாள். கொட்டையைப் பொறுக்கி ஐந்து ஐந்தாகக் குவித்து வரிசை வைத்தாள். பன்னிரண்டு குவியல். முதல் குவியலில் விரலை வைத்தாள்.

“லாபம். பத்து. பதினஞ்சு…”

இன்ஸ்பெக்டர் நிறுத்தச் சொன்னார். ஐந்து எங்கே போனது என்று கேட்டார். பெருமாயி முதல் குவியலைக் காட்டி மறுபடியும் லாபம் என்றாள். அவர் அம்சவேணியின் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, அஞ்சு சொல்லத் தெரியாத புள்ளையா ரெண்டாம் வகுப்பு?”

அஞ்சு என்று சொல் கண்ணு என்று அம்சவேணி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெருமாயி சொல்லிவிடுவாள். பெருமாயியும் அதற்காகத்தான் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். அம்சவேணி வெளியே பார்த்தாள். ராசப்பன் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களெல்லாம் அவளைத்தான் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தை இன்ஸ்பெக்டர் மூடலாம். இவர்களும் மூடலாம், எழுதக்கூட வேண்டாம், ஆட்டை அவிழ்த்துவிட்டால் போதும்.

“பெருமாயி, உட்ட எடத்துல இருந்து எண்ணு கண்ணு” என்றாள்.

பெருமாயி எண்ணினாள். இருவது, இருவத்தஞ்சு, முப்பது. குவியல் குவியலாக விரல் நகர்ந்தது. கடைசிக் குவியலில் அறுவது என்று நின்றது. இன்ஸ்பெக்டர் தானும் கண்ணால் எண்ணிக்கொண்டே வந்தார். அறுபது சரி என்றார். அப்புறம் குனிந்து, லாபம் என்றால் எத்தனை என்று கேட்டார்.

பெருமாயி முதல் குவியலை இரண்டு கையாலும் அள்ளினாள். அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“நீங்களே எண்ணிப் பாத்துக்கங்க சாமி.”

செல்லமுத்து ராசிபுரம் பக்கத்தில் ஒரு குடியானவர் வீட்டுப் பிள்ளை. படித்து, பேனா பிடித்து, சைக்கிள் வாங்கி, களத்தை விட்டு வந்து இருபது வருஷம் இருக்கும். கொட்டையைப் பார்த்தார். ஒன்று என்று சொல்ல வாயைக் குவித்தார். அது வெளியே வரவில்லை. உள்ளங்கையில் தானியமோ கொட்டையோ கனத்தால் வாய் எதைச் சொல்லும் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“லாபம்” என்றார். “ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.”

வெளியிலிருந்து அத்தாயியின் குரல் வந்தது.

“ஆபீசருக்கும் களம் இருக்குதாட்டத் தெரியுது.”

ஆண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் காதில் விழாதவர் போல நிமிர்ந்தார். அவருக்கும் ஒரு கடமை இருக்கிறதே. இன்னும் ஒரே ஒரு கேள்வி என்றார். இந்த மலையில் எட்டுக்கை அம்மன் இருக்கிறாள், அம்மனுக்கு மொத்தம் எத்தனை விரல்?

பெருமாயி கொட்டையைத் தொடவில்லை. தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஒரு தரம் வலது, ஒரு தரம் இடது என்று மாற்றி மாற்றி விரித்து எண்ணினாள். அஞ்சு, பத்து, பதினஞ்சு. எட்டாவது தரம் நாப்பது.

இப்போது மட்டும் அஞ்சு எப்படி வந்தது என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

இந்த ஆபீசருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று பெருமாயிக்குப் பாவமாக இருந்தது.

“அம்மன் வெரலை நட்டா மொளைக்குமுங்களா சாமி?”

இன்ஸ்பெக்டர் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து புத்தகத்தில் எழுதினார். எழுதியதை அம்சவேணிக்குப் படித்தும் காட்டினார். இருபத்திரண்டு பிள்ளைகள் வருகிறார்கள், தொகுதி தொகுதியாகப் பொருள் தெரிந்து எண்ணுகிறார்கள், பள்ளி தொடர்ந்து நடக்க வேண்டும், அடுத்த மழைக்குள் கூரை மாற்ற வேண்டும். லாபத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அம்சவேணி அதைக் கேட்டுக்கொண்டே சுவரைப் பிடித்து நின்றாள். பிறகு கையை எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை முழுக்கச் செம்மண்.

கதை இங்கே முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் தலையசைத்துவிட்டுக் கிளம்பிப் பாதையில் இறங்கினார். பெருமாயி பாயில் இருந்த குவியல்களைக் கூடைக்கு அள்ளினாள். அள்ளி முடித்து, கூடைக்குள் பார்த்தாள். வரிசையின் தலையில் இருந்த குவியலைக் காணோம். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். ஓடைக்கல்லில் ஒன்று விட்டு ஒன்று தாவினாள், அப்போது எண்ணினாளா என்று தெரியவில்லை. அக்கரையில் அவரைப் பிடித்துவிட்டாள்.

“சாமி, எங்க லாபத்தைக் கையோட கொண்டு போறீங்க.”

அவர் கையை விரித்துப் பார்த்தார். ஐந்து கொட்டையும் இருந்தது. எழுதும்போது இடது கையில் மூடியவர் அப்படியே மறந்து எடுத்து வந்துவிட்டார். கூடையை நீட்டச் சொல்லி உள்ளே போட்டார். எப்படி எண்ணிப் போட்டார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெருமாயி திரும்பி வந்தபோது ராசப்பன் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றிருந்தார். மகள் கையிலிருந்து கூடையை வாங்கினார். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கை பலாக்கொட்டையை அதன்மேல் போட்டார். எத்தனை என்று எண்ணவில்லை. கூடையைக் கொண்டுபோய் நடுத்தூணுக்கு முன்னால், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்துவிட்டு, கூரையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். மாசி மாசத்தில் புல் அறுக்க ஆள் சொல்ல வேண்டும் என்று அம்சவேணியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. கடலைத் தொலியை ஒரு பக்கமாகச் சேர்த்துவிட்டு எழுந்திருங்கள். உங்கள் வீட்டுக் களத்திலும், களமில்லாத வீட்டு அரிசிப் பானையிலும், முதல் வள்ளம் லாபமாகவே விழட்டும். அடுத்து விழுவது எண்ண எண்ண நீளட்டும். சோற்றுக்கு வந்து உட்காரும் எந்தக் கைக்கும் குறையாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் எத்தனை கல்லை விட்டுத் தாவினாலும் அக்கரையில் கால் நனையாமல் சேரட்டும்.